ரெண்டும் இடது கை

மார்ச் 4
இன்று ஒரு முழுக்கைச் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன். கடை முழுக்கச் சிரிப்பு. நான் சும்மா இருப்பேனா? "அளவு எடுக்கறப்ப அந்தாளு ரெண்டு கையையும் ஒரே பக்கமா நீட்டினாரு, நான் என்ன பண்ண?" என்று ஒரு போடு போட்டேன். கட்டிங் மாஸ்டருக்குப் புரையேறிவிட்டது.
கையை மாற்றித் தைத்தது கேலிக்காக இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 11
பொத்தான் என்ற சொல் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்த வட்டம்... ஓட்டை வட்டம்..." என்கிறேன். காஜா போடும் பெண், "என்னக்கா, இன்னைக்கு விடுகதையா?" என்றாள். ஆமாடி, விடை எனக்கே தெரியாத விடுகதை.
காலும் பெடலில் தடுமாறுகிறது, யாரிடமோ இரவல் வாங்கிய கால் போல.

மார்ச் 12
வயசா? இதற்குள்ளேயா? மாத்திரை ஒரு நாளும் தவறியதில்லை. நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து, வாயைத் திறந்து காட்டித்தான் விழுங்குவோம். ரத்தத்தில் கிருமியே தெரியவில்லை என்று போன மாதம்கூடச் சொன்னார்கள். அப்புறம் என்ன வந்தது?
எச்.ஐ.வி. இருப்பதைக் கடையில் இத்தனை வருஷம் கேலியால்தான் மூடி வைத்தேன். பேச்சே போயிட்டா எதைப் போட்டு மூடுவேன்?

மார்ச் 15
இவரைப் பார்த்து, "மாஸ்டர், டீ குடிங்க" என்றேன். சட்டென்று சுதாரித்துச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.
"நீ கேலி பண்ணினா, வாயத் தொறக்கறதுக்கு முந்தியே உன் மூக்கு விரியும். இப்ப விரியல. கொஞ்ச நாளாவே விரியல."
பாவி மனுஷன், இத்தனை வருஷமா மூக்கையா பாத்துக்கிட்டு இருந்தாரு! அழுதேன். நல்லா அழுதேன்.

மார்ச் 19
பெரிய ஆஸ்பத்திரி. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். "நானும் ஊசிக்காரிதான், தையல் நேரா விழட்டும்" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். இவர் என் மூக்கைப் பார்த்தார்.

மார்ச் 27
ரத்தம் சுத்தம்தான். ஆனால் மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கிருமி இருக்கிறதாம். கீழ்வீட்டைக் காலி செய்துவிட்டு மாடியில் போய்ப் படுத்திருக்கிறது, வாடகை தராத குடித்தனம்!
"இப்ப சாப்பிடற மாத்திரை மூளைக்குள்ள சரியா போய்ச் சேரலம்மா. அங்க நல்லா போறதா மாத்தித் தரேன்."
"போனதெல்லாம் திரும்புமா?"
"நெறைய பேருக்குத் தேறியிருக்கு. உங்களுக்கு எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது."
மழுப்பாமல் சொன்னாரே, அது பிடித்திருந்தது. வெளியே வந்தும் இவர் என் கையை விடவில்லை.

மே 2
பொத்தான். பொத்தான். பொத்தான்.

ஜூலை 9
பழைய வேகம் இன்னும் வரவில்லை. சில சொற்கள் இன்னும் வாசல்வரை வந்து திரும்பிவிடுகின்றன. ஆனாலும் இவருக்கு ஒரு முழுக்கைச் சட்டை தைத்து முடித்தேன்.
போட்டுப் பார்த்தார். வலது மணிக்கட்டில் கைப்பட்டியின் திறப்பு தப்பான பக்கம் வந்து நின்றது. ரெண்டும் இடது கை. இவர் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கே பிடிபடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றி என் மேல் எறிந்தார்.
"மூக்கப் பாரு, மூக்க! பிரிச்சுத் தைடி."