தேவையில்லாத கேள்விகள்

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா சுட்ட, இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியில் உருளைக்கிழங்கு வேகவில்லை. நன்றாக இருப்பதாக இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே சாப்பிட்டோம்.

புது டைரி என்பதால் முறையாக எழுதிவிடுகிறேன். என் பெயர் சென்யா. ஒன்பதாம் வகுப்பு. அம்மா மார்லீன், மூச்சு சிகிச்சையாளர். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு யாராவது மூச்சுத் திணறி வந்தால் முதலில் ஓடுகிறவள் அவள்தான். ஆக்சிஜன், மூச்சுக்குழாய், வென்டிலேட்டர் எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் அவளிடம் இருப்பது கீழ்நிலை உரிமம். வரும் கோடையிலிருந்து மேல்நிலை உரிமம் உள்ளவர்களுக்குத்தான் இங்கே வேலை என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் தொலைவில் மில்வாக்கி நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேற்பயிற்சிக்குப் போயிருக்கிறாள். வசந்தத்துக்குள் உரிமத் தேர்வில் தேறினால் வீட்டுக்கு வந்துவிடுவாள். தேறாவிட்டால் இங்குள்ள இடம் வேறு யாருக்காவது போய்விடும். அங்கே கிடைக்கும் வேலையில் அவள் தங்கிவிட வேண்டியதுதான். அப்பா பனி தள்ளும் லாரி ஓட்டுவது இங்கே. என் பள்ளி இங்கே. அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

இன்று அம்மா தொலைபேசியில் கேட்டவை: என்ன சாப்பிட்டாய், கம்பளிக் காலுறை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியுமா, என்ன புத்தகம் படிக்கிறாய், அதில் எல்லோரும் கடைசிவரை உயிரோடு இருப்பார்களா, இன்று ஏரி என்ன நிறம்.

சாம்பல் என்றேன். "எந்தச் சாம்பல்? அடுப்புச் சாம்பலா, புறாச் சாம்பலா?"

புறா.

செப்டம்பர் 20, சனி

அப்பா சௌனாவை மூட்டினார். கொல்லையில் இருக்கும் நீராவிக் குளியல் அறை அது. எப்போதும் முதல் சுற்று அம்மாவும் நானும். இன்று நான் மட்டும் மேல் பலகையில் உட்கார்ந்து சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றினேன். பேச ஆளில்லாவிட்டால் அது வெறும் சூடு. சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் நான்தான் அம்மாவுக்குப் பயிற்சி கொடுப்பேன். அவளிடம் இருக்கும் அதே பயிற்சிப் புத்தகத்தின் இன்னொரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். தேர்வு கதை மாதிரி இருக்கிறது. ஒரு நோயாளி வருகிறார். அவரைப் பற்றி என்னென்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். தேவையானதைக் கேட்டால் மதிப்பெண் கூடும். தேவையில்லாததைக் கேட்டால் குறையும். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பள்ளியில் யாரும் கேள்விக்கு மதிப்பெண் தருவதில்லை.

முதல் கதை: ஓர் இளைஞன், நெஞ்சில் விசில் சத்தம், உதடு நீலம். அம்மா ஆரம்பித்தாள். என்ன மருந்து சாப்பிடுகிறான், வீட்டில் யார் புகைபிடிக்கிறார்கள், என்ன வேலை, நாய் பூனை உண்டா, யார் கூட்டிக்கொண்டு வந்தது, அவர்கள் வெளியே காத்திருக்கிறார்களா.

"அம்மா, உதடு நீலமா இருக்கு."

"அட ஆமா. முதல்ல ஆக்சிஜன் வைக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "செத்துட்டானா?"

"இல்லம்மா. மதிப்பெண்தான் போச்சு."

"அது போனா போகுது. பையன் பொழைச்சான்ல?"

அக்டோபர் 21, செவ்வாய்

பக்கத்து வீட்டு ரெய்னோ மாமா விறகு பிளக்க உதவினார். ஒவ்வொரு துண்டுக்கும் நின்று மூச்சு வாங்குகிறார். அம்மா தேர்வில் எங்கே தடுமாறுகிறாள் என்று சொன்னேன். கோடரியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பாப்பா, ரெண்டு வருஷம் எனக்கு நிமோனியான்னு மருந்து குடுத்தாங்க. உங்கம்மாதான், கொட்டகையில என்ன வச்சிருக்கேன்னு கேட்டா. புறான்னேன். எத்தனை, யாரு கூட்டிப் பெருக்குறது, அதுங்களுக்குப் பேரு உண்டான்னு கேட்டுட்டே இருந்தா. எனக்குக் கோவம் வந்துடுச்சு, மூச்சே விட முடியல, இவ புறாவுக்குப் பேரு கேக்குறாளேன்னு."

அந்தப் புறாக்களின் எச்சத் தூசிதான் நெஞ்சில் சேர்ந்துகொண்டிருந்தது. அவற்றைக் கொடுத்துவிட்டார். பெயர்களை இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். அவசர நோயாளியிடம் பறவைகளைப் பற்றிக் கேட்டால் மதிப்பெண் குறையும் என்றுதான் அதில் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

நவம்பர் 15, சனி

மான் வேட்டை தொடங்கும் நாள். ஊரே வேட்டைக்கான ஆரஞ்சு உடுப்பில் காட்டில் இருக்கிறது. அப்பா மட்டும் போகவில்லை.

நேற்று அம்மா தேர்வு எழுதினாள். தேறவில்லை. வசந்தத்துக்குள் இன்னொரு முறை எழுதலாம். முடிவெடுக்கும் பகுதிகள் எல்லாம் நன்றாக இருந்ததாம். கேள்வி கேட்கும் பகுதிகளில்தான் மதிப்பெண் கரைந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை முடிவு வர நேரமாகும், டாக்டர் வீட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை அம்மா நோயாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தப் பழக்கத்தைத் தேர்வுக் கணினியிலும் காட்டியிருக்கிறாள்.

மாதக் கடைசியில் குடும்பமாக விருந்து சாப்பிடும் நன்றி நாளுக்கும் வர மாட்டாள். அந்த வாரம் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வேலை போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை என்று சொன்னேன். பரவாயில்லையா? பரவாயில்லன்னு சொன்னது பொய். எவனோ எழுதின புத்தகத்துல குறைச்சுக் கேளுன்னு இருக்கு, அதுக்காக எங்கம்மா ஏன் அங்கேயே கிடக்கணும் —

நாளை தெளிவாக யோசிப்பேன்.

நவம்பர் 30, ஞாயிறு

யோசித்தேன். புத்தகத்தின் எல்லாக் கதைகளையும் படித்து, எந்தக் கேள்வி ஏன் தவறு என்று பார்த்து, ஒரே ஒரு விதியாகச் சுருக்கினேன். அம்மாவிடம் சொன்னேன்: "கேக்குறதுக்கு முன்னாடி நில்லு. பதில் தெரிஞ்சா இப்போ என் கை வேற மாதிரி ஏதாவது செய்யுமான்னு யோசி. செய்யாதுன்னா கேக்காதே."

"யாருடி நீ, எங்க டிபார்ட்மென்ட் தலைவியா?" என்றாள். பிறகு மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். அங்கே குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாளாம்.

ரொம்பப் பெருமையாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

டிசம்பர் 25, வியாழன்

அம்மா வந்தாள். தூங்கினாள். நாளை விடிந்ததும் போகிறாள்.

ஜனவரி 11, ஞாயிறு

மூன்று கதைகள், மூன்றிலும் தேறிவிட்டாள். முதியவர் ஒருவர் காலில் கட்டோடு திடீரென்று மூச்சுத் திணறுகிறார். அம்மா கேட்டவை நான்கே. ஒன்றுகூட வீணில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நான் மேசையைத் தட்டினேன். அப்பாகூட எட்டிப் பார்த்தார்.

ஏரி கரையோரமாக உறையத் தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

இருமல். நேற்றிலிருந்து படுக்கையில்.

அம்மா அழைத்தாள். ஜுரம் இருக்கா? இல்லை. சளி என்ன நிறம்? வெள்ளை. மூச்சு இழுக்குதா, படுத்தா திணறுதா? இல்லை. "சரி. தண்ணி நிறையக் குடி. வார்டுல கூப்பிடுறாங்க குட்டி, வைக்கிறேன்."

புத்தகப்படி முழு மதிப்பெண். வைத்தபிறகுதான் கவனித்தேன். என்ன படிக்கிறேன் என்று கேட்கவில்லை. நல்ல புத்தகம், தீவில் ஒரு கலங்கரை விளக்கம், அதில் நாய்கூடச் சாகவில்லை. ஏரி உறைந்துவிட்டதா என்று கேட்கவில்லை. பதில்களை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு போர்வைக்குள் இருந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றும் அப்படித்தான். இரண்டு கதைகள் படித்தேன், இரண்டிலும் தேறினாள். இருமல் நின்றதா என்றாள். நின்றது. நல்லது.

அப்பாவிடம் சொன்னேன், அம்மா இப்போது எதுவுமே கேட்பதில்லை என்று. அவர் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்கிட்டயும்தான். லாரி ஓடுதா, சாப்பிட்டியா, அவ்வளவுதான். நீதானே பழக்கிவிட்டே." கிண்டலாகத்தான் சொன்னார். பிறகு அந்தப் பூட்ஸை ரொம்ப நேரம் தட்டினார்.

நானாகவே சொல்லலாமே? சொல்லலாம். ஆனால் கேட்டுச் சொல்வது வேறு.

பிப்ரவரி 22, ஞாயிறு

விதியை மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். அம்மா, வீட்டுக்காரர்களிடம் மட்டும் நிறையக் கேள் என்று. வாய்வரை வந்தது. தேர்வு இன்னும் மூன்று வாரத்தில். சொல்லவில்லை. அடுத்த கதையைப் படித்தேன்.

மார்ச் 14, சனி

தொலைபேசியை எடுத்தேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. வேகமான மூச்சு. யாருடையது என்று தெரிந்துவிட்டது, எதற்கென்று தெரியவில்லை.

"அம்மா?"

"தேறிட்டேன், சென்யா."

அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன். அவர் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் வெளியே போய் ரெய்னோ மாமாவிடம் வேலிக்கு மேலாகச் சொன்னேன். "அப்போ இனிமே கேள்வி கேக்க மாட்டாளா?" என்றார். அது வேடிக்கைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

அம்மா வந்துவிட்டாள். பெட்டிகளோடு.

மதியம் முழுக்க ஒழுங்காக இருந்தது. கட்டிக்கொண்டாள். வளர்ந்துவிட்டேன் என்றாள். நலமா என்றாள், நலம் என்றேன். மூவரும் காப்பி குடித்தோம், அப்பா வாங்கி வைத்திருந்த ஏலக்காய் ரொட்டியோடு. பிறகு பேச்சு நின்றுவிட்டது. கரண்டிச் சத்தம் மட்டும். இவ்வளவு நாள் இதற்காகவா என்று நினைத்து, நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

சாயங்காலம் அப்பா சௌனாவை மூட்டினார். முதல் சுற்று நாங்கள் இருவரும். அம்மா மேல் பலகையில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழுந்து அடங்கியது. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏரி எப்ப உறைஞ்சது?"

"ஜனவரியில."

"எந்தப் பக்கம் முதல்ல?"

அதைத் தெரிந்துகொண்டு அவள் கை எதுவும் செய்யப் போவதில்லை. பனி உருகவே தொடங்கிவிட்டது.

"படகுத்துறைப் பக்கம்," என்றேன்.

"பக்கத்துல போய்ப் பாத்தியா? யாரு கூட? என்ன போட்டுட்டுப் போனே? சத்தம் கேட்டுச்சா, உறையும்போது?"

சத்தம் எப்படி இருந்தது என்று வாயால் செய்து காட்டினேன். இன்னொரு தடவை செய் என்றாள். பிறகு பள்ளி, மதிய உணவில் பக்கத்தில் யார், கம்பளிக் காலுறையில் ஓட்டை எந்தக் காலில், இருமல் வந்த வாரம் யார் கஞ்சி வைத்தது, அப்போது படித்த புத்தகம் எது, அந்தக் கலங்கரை விளக்கத்து நாயின் பெயர் என்ன.

அப்பா வெளியிலிருந்து கதவைத் தட்டினார். எனக்கும் சூடு மிச்சம் வைங்க, சாப்பாடு வேற ஆறுது என்றார். வர்றோம் என்று இருவரும் சொன்னோம். கேள்விகளில் நாங்கள் இன்னும் பிப்ரவரியில்தான் இருந்தோம்.