திருப்பக் கூடாத தோசை

14-1-1999, வியாழன்

இன்று எங்களுக்குப் பொங்கல், மாடி வீட்டு வங்காளி அண்ணி, ஷிகா பௌதிக்குச் சங்கராந்தி. போன வருஷம் அவர் செய்து தந்த ‘பாட்டிசாப்டா’ என்ற இனிப்பை இந்த வருஷம் நானே செய்து தருவதாக வீம்பாகச் சொல்லியிருந்தேன். அரிசிமாவும் மைதாவும் பாலில் கரைத்து மெல்லிய தோசையாக ஊற்றி, நடுவில் தேங்காய் வெல்லப் பூரணத்தை வைத்துப் பாய் மாதிரிச் சுருட்ட வேண்டும், அவ்வளவுதான். தோசை ஊற்றத் தெரியாதவளா நான்?

சாயங்காலம் பௌதி வந்து சமையலறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் தோசையை ஊற்றிப் பூரணத்தை வைத்தேன். இருபது வருஷப் பழக்கம், கை தானாகத் திருப்பிப் போட்டுவிட்டது. பூரணம் மொத்தமும் கல்லில் கொட்டி வெல்லம் புகைந்தது. என் மகள் சுமி சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை வீசாத குறை.

பௌதி எழுந்து வந்தார். கல்லில் முறுகியிருந்ததைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு வங்காளத்தில் வேகமாக ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை, சுமிக்குத்தான் வங்காளம் நன்றாக வரும்.

"என்னடி சொல்றாங்க?"

"இதே மாதிரி இன்னொண்ணு வேணுமாம், அம்மா. நல்லா கருகவிட்டுத் திருப்பணுமாம்."

அதற்கப்புறம் ஒழுங்காகச் சுருட்டிய ஆறும் தட்டில் அப்படியே கிடக்கின்றன. வேண்டுமென்றே திருப்பிப் போட்ட நாலும் காலி. கல்லை மூன்று தடவை தேய்த்துவிட்டேன், வெல்லம் விடுவதாயில்லை. நாளைக் காலைத் தோசை இனிக்கும். என் வீட்டுக்காரர் கேட்டால், சங்கராந்தித் தோசை என்று சொல்லிக்கொள்கிறேன்.