விரதத்தில் இளைத்தவன்

கோலாலம்பூர் ஆஸ்பத்திரி
11.3.1984

என் வீட்டுக்காரிக்கு,

பெருங்குடலுக்குள் புண்ணாம். ஒட்டுவாரொட்டி இல்லை, நீ பயப்படாதே. மாத்திரைக்குக் கேட்கும், ஆனால் திரும்பவும் வரலாம் என்கிறார் டாக்டர்.

பத்துமலைக் காவடிக்கு விரதம் இருந்து நான் இளைத்ததாக நினைத்து, "முகத்துல என்னா களை" என்று நம் லயத்து வீட்டு வரிசையே கும்பிட்டது. எனக்கும் பெருமைதான். ரத்தம் போனதை உடம்புச் சூடு என்று மறைத்தேன்; மருந்து கொடுக்கும் டிரஸரிடம் மட்டும் "கொஞ்சம் ரத்தம்" என்று சொல்லிவைத்தேன். நீ ஒருத்திதான் நம்பவில்லை. எனக்குப் பின்னால் வாளியோடு கக்கூசுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாய்.

தோட்டத்து டிரஸர் முன்னால் நான் தலைகுனிந்திருக்க, "மூலம்னு மருந்து குடுத்தீங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஓடுறாரு, ரத்தமும் சளியுமா போவுது, வயித்த முறுக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க லா" என்றாய். அன்று வீடு வரும்வரை உன்னோடு நான் பேசவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருந்தால் இவ்வளவு ரத்தம் போயிருக்காது.

இன்று காலை டாக்டர் வாய் திறக்கும் முன்பே, "நாலு தரம்தான், ரத்தம் இல்ல" என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் முகம் சுளித்தார். அவரே விடிந்ததிலிருந்து ஏழு தரம் எழுந்து போய்விட்டார், டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு நான் சொல்லிவிடுவேன்.

உன்னிடம் மாட்டிக்கொண்ட
உன் வீட்டுக்காரன்