பதினோரு வருடம் சொல்லாத பெயர்

1879 ஜூலை 7

சோளரொட்டி கருகியிருந்தது. தங்கை கெசியாவிடம் சொன்னேன். "கருகினது ரொட்டி இல்லண்ணே, உங்க வயிறு. கட்சிக்காரங்க செனட்டுக்குத் தம்பியை நிறுத்திட்டாங்கல்ல," என்றாள்.

நிறுத்தட்டும். இந்தக் கென்டக்கியில் எங்கள் கயிற்று ஆலையை உண்டாக்கியவன் நான். சரக்குச் சீட்டுகளைப் பார்த்து நானாகவே எழுதப் படிக்கக் கற்றவன். அவன் கல்லூரிக்குப் போனவன், ஊருக்குக் கர்னல். எந்தப் போரில் கர்னல்? பட்டாளத்துக்குக் கயிறு விற்ற போரில்! பதினோரு வருடம் முன்பு ஆலை வாசலில் பலகை மாட்டினான். அவன் முழுப் பெயர், பக்கத்தில் 'மற்றும் சகோதரர்'. அந்தச் சகோதரர் நான். அன்றிலிருந்து அவன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை.

ஜூலை 8

நானும் நிற்கிறேன். சுயேச்சையாக.

ஜூலை 19

தேர்தல் விருந்து. கர்னல் மூன்று கொப்பரையில் பர்கூக் குழம்பு காய்ச்சினான். நான் நான்கு. அவன் குழம்பில் இருபது அணில் என்று கேள்வி, என்னுடையதில் நாற்பது. ஜனங்கள் அங்கே தின்றுவிட்டு இங்கே வந்தார்கள், இங்கே தின்றுவிட்டு அங்கே போனார்கள். இரண்டு இடத்திலும் "நம்ம ஓட்டு ஷேக்லெட்டுக்குத்தான்!" என்று கத்தினார்கள். இருவருக்கும் குடும்பப் பெயர் அதுதான்; பொய் என்று சொல்ல முடியாது.

ஜூலை 30

கெசியா கேட்டாள்: "வழக்கம் ஞாபகம் இருக்கா? நிக்கிறவர் தன் ஓட்டை எதிராளிக்குத்தான் போடணும். தனக்கே போட்டுக்கிட்டா ஊர்ல எவனும் கை குலுக்க மாட்டான். அதுவும் ஷெரிஃப் முன்னாடி, எல்லார் காதுலயும் விழுற மாதிரி. பேரைச் சொல்லிண்ணே. பேரைச் சொல்லி."

இதை நான் யோசிக்கவில்லை.

"ஊரே பந்தயம் கட்டுது. நானும் ஒரு கோழி கட்டியிருக்கேன்."

"எந்தப் பக்கம்?"

"போங்கண்ணே."

ஆகஸ்ட் 1

லாயத்தில் கோவேறு கழுதை முன்னால் ஒத்திகை பார்த்தேன். முதல் எழுத்துவரை வந்தது. பிறகு இருமல். கழுதை திரும்பி நின்றுகொண்டது.

ஆகஸ்ட் 4

தேர்தல். நீதிமன்றக் கூடத்தில் குமாஸ்தாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கர்னல். ஓட்டுப் போட வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களில் ஒருவன் பெயரைச் சொல்ல, சொல்லப்பட்டவன் எழுந்து நன்றி சொல்ல வேண்டும். முட்டி வலித்தது.

எங்கள் ஆலை மேஸ்திரி ஆன்டர்சன் ப்ரைம் வந்தார். கர்னலின் பெயரைக் கணீரென்று சொன்னார்.

"என் முகத்துக்கு நேராவா, ஆன்டர்சன்?"

"ஆமாங்கய்யா. எங்க கறுப்பு ஜனங்களுக்கு ஓட்டு வந்தே ஒம்பது வருசம்தான். வேலை குடுக்கிறவர் முன்னாடியே நின்னு அவருக்கு எதிரா சொல்றேன். கால் நடுங்குது, சொல்லிட்டேன். நீங்க சொந்தத் தம்பி பேருக்கு நடுங்குறீங்களாமே!"

கூடம் சிரித்தது. வேலையைவிட்டு நீக்கியிருப்பேன். ஆனால் அவர் போல் கயிறு முறுக்க வேறு ஆள் யார்?

முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் ஆளுக்கு அறுநூற்றுப் பதினொன்று. கர்னல் தொப்பியைக் கழற்றினான். "ஜெப்தா ஷேக்லெட். என் அண்ணன்," என்றான்.

ஒரு ஓட்டு நான் முன்னால்! வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் செனட்டர். அறுபத்தெட்டு வயதில் ஒருநாளும் நான் வாயை மூடியதில்லை. எதிரில் அவன் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தான். ஆன்டர்சன் கதவோரம் கைகட்டி நின்றார். கால் நடுங்கியும் அவர் சொல்லிவிட்டார்; நான் சொல்லாமல் போனால் நடுங்கி ஓடினேன் என்றுதான் ஊர் சொல்லும்.

"என் ஓட்டு என் தம்பிக்கு," என்றேன்.

"எந்தத் தம்பிங்க? உங்களுக்கு மூணு பேராச்சே," என்றான் குமாஸ்தா.

"எதிர்ல இருக்கிற கர்னல்."

"வாசல்ல மட்டும் ஏழு கர்னல் நிக்கிறாங்க. பேருங்கய்யா!"

சொன்னேன். கூரை அதிரச் சொன்னேன். வெளியே கட்டியிருந்த குதிரை ஒன்று அறுத்துக்கொண்டு ஓடியது. அது எங்கள் கயிறு அல்ல.

சரிசமம். ஷெரிஃப் தன் தொப்பியில் இரண்டு சீட்டுப் போட்டு ஒன்றை எடுத்தார். அதில் என் பெயர் இல்லை.

ஆகஸ்ட் 5

கெசியா இரண்டு கோழிகளோடு வந்தாள். ஒன்று பந்தயத்தில் வந்தது.

1880 ஜனவரி 9

மாநிலத் தலைநகர் ஃப்ராங்க்ஃபோர்ட்டிலிருந்து தம்பியின் கடிதம். நம் ஊர்ச் சாலை பற்றிச் சபையில் பேச வேண்டுமாம். பேச்சை எழுதி அனுப்பி, 'பாருங்கள் அண்ணா' என்று கேட்டிருக்கிறான். எட்டு இடத்தில் லத்தீன்! எல்லாவற்றையும் அடித்தேன். மழையில் வண்டி எங்கெங்கே புதைகிறது என்று ஆன்டர்சனைக் கேட்டுச் சேர்த்தேன். பதினான்கு பக்கம் ஆகிவிட்டது. தபாலில் போட்டால் லைசாண்டர் பக்கங்களை மாற்றி வாசித்துவிடுவான். நாளை நானே ரயிலில் கொண்டுபோகிறேன்.