இன்ஜா ரூம் எது?

திங்கள், 3 நவம்பர்

மழை என்றும் சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது. வழக்கமான ஈரம்.

வேலை: கலியாண வீட்டு பிளவுஸ் 4, ஞாயிறுக்கு முன். ஹூக் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். மில்லிக்கு நகம் வெட்ட வேண்டும்.

மில்லி, காது கேளாதவர்களுக்கென்று பழக்கிய நாய். வந்து ஏழு கிழமை, ஐம்பது நாளாகிறது. சோதனைக் காலம் இன்னும் முடியவில்லை. வாசல் மணி, அடுப்பு மணி, புகை அலாரம், மூன்றிலும் இதுவரை பிழையே இல்லை. சத்தம் கேட்டால் வந்து என் முழங்காலில் காலால் தட்டும். எழும்பினால் சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிப் போகும். சரியென்றால் ஒரு பிஸ்கட்.

இன்று முதல் பிழை. 10.20, மாடியில் தைத்துக்கொண்டிருந்தேன். தட்டியது. நேரே குசினிக்குக் கூட்டிப் போய், அடுப்படியில் நின்ற என் மனுசன் முன்னால் நின்றது. எந்த மணியும் அடிக்கவில்லை. இவர் வாயை இறுக்கிக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி.

"என்ன?"

"ஒண்டுமில்லை." இவர் உதட்டில் எனக்கு நன்றாகப் பழகிய சொல்.

பிழைக்கு பிஸ்கட் கொடுக்கக் கூடாதாம். கொடுக்கவில்லை. மில்லி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

செவ்வாய், 4

இன்று மூன்று தரம். 9.05, 11.40, 3.15. மூன்று தரமும் இவரிடம்தான். மூன்று தரமும் "ஒண்டுமில்லை".

கேட்டேன்: "நாய்க்குக் களவாய் ஏதும் குடுக்கிறியளோ?"

"நானோ? சாமியறைப் பக்கம் வராட்டிப் போதும் எண்டுதானே சொன்னனான்."

வியாழன் எம்மா வருகிறாள். மில்லியைப் பழக்கிய வெள்ளைக்காரி. பிழைகளையெல்லாம் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். கூடினால் மறுபடி பழக்கக் கொண்டுபோவார்கள். போனால் என்னிடமே திரும்பி வரும் என்று இல்லை. எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

ஹூக் வாங்கிய கடையில் ஒரு மனுசி, மில்லியைப் பார்த்து, பக்கத்தில் நின்ற இன்னொருத்தியிடம்: "...பாவம், கண் தெரியாதாம்..." இவ்வளவுதான் உதட்டில் பிடிபட்டது. கண் தெரியும், காதுதான் கேளாது என்றேன். உடனே என் முகத்துக்கு முன்னால் வாயைப் பிளந்து கத்தினா. கத்தினால் உதடு ஒன்றும் விளங்காது. வாசலுக்கு வந்து சிரித்தேன்.

புதன், 5

இரண்டு தரம். மொத்தம் ஆறு.

இவர்தான் கூப்பிடுகிறாரோ என்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. மில்லியைத் தந்த அன்று எம்மா கேட்டாள், வீட்டில் யாராவது உங்களைக் கூப்பிடுவார்களா, அதையும் பழக்கவா என்று. இவர் தலையாட்டிய ஆட்டு: "இல்லை, கூப்பிடுறேல்லை." எம்மா தாளில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டை மறக்க மாட்டேன்.

காது போய் ஏழு வருடம். இவர் கூப்பிடுவதை விட்டும் ஏழு வருடம். போன மாசியில் வீட்டுக்குப் பின்னால் வளவில் வழுக்கி விழுந்தாரே, அப்போதும் கூப்பிடவில்லை. நான் மேலே தைத்துக்கொண்டிருக்க, இவர் ஈரத்தில் முக்கால் மணித்தியாலம். தேத்தண்ணி போட இறங்கியபோதுதான் கண்டேன். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "கூப்பிட்டு என்ன?" பிறகு இரண்டு நாள் குளிர் பிடித்துத் தடிமன், தொண்டை நோ. மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன். கோபத்தோடுதான் கொடுத்தேன்.

மில்லியையும் கொண்டுபோனால் இந்த வீட்டில் என்னைத் தேடி யார் வருவார்கள்?

வியாழன், 6

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எம்மா 10 மணிக்கு வந்தாள். நீங்கள் மேலே போய்த் தையுங்கள், நான் குசினியில் இருந்து நாயைக் கவனிக்கிறேன் என்றாள். இவர் மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

10.35. தட்டியது. இறங்கிப் போனேன். இவர் வாய் இறுக்கி, யன்னல். எம்மா கொப்பியில் எழுதி நீட்டினாள்:

உங்கள் வீட்டில் இன்ஜா ரூம் எது?

அப்படி ஒரு அறை இல்லை என்றேன். சாமியறையைச் சொல்கிறாளோ? திரும்ப எழுதினாள்: உங்கள் கணவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். "இன்ஜா ரூம்" என்று சத்தமாகச் சொன்னார். இரண்டு தரம். நாய் உடனே எழும்பி உங்களிடம் ஓடியது.

இன்ஜா ரூம். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இன்ஜாரூம். இஞ்சாரும்.

கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இஞ்சாரும். இங்கே பாரும். பெஞ்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்படுகிற யாழ்ப்பாணத்து ஆம்பிளைகளுக்கு அதுதான் பெஞ்சாதியின் பெயர். முப்பத்தொரு வருடமாக என் பெயர்.

எம்மாவுக்கு விளக்கினேன். யாரும் பழக்காமலே சில நாய்கள் இப்படிப் பழகுமாம். புத்தகத்தில் ஆறு வரியையும் வெட்டினாள். மில்லி இங்கேதான். அந்தச் சந்தோசம் எனக்குள் இறங்கவே இல்லை.

அவள் போன பிறகு இவருக்கு முன்னால் போய் இருந்தேன்.

"எவ்வளவு காலமாக் கூப்பிடுறியள்?"

"எப்ப நிப்பாட்டினனான்? வாயிலை வந்திடுது. பிறகுதான் உமக்குக் கேளாதெண்டு நினைவு வரும். பேசாமல் இருந்திடுவன்."

"அண்டைக்கு? விழுந்த அண்டைக்கு?"

நாயைப் பார்த்தார். "கூப்பிட்டனான்."

"எத்தினை தரம்?"

இவர் கை தொண்டைக்குப் போனது.

தடிமன் இல்லை அது. முக்கால் மணித்தியாலம் கத்திய தொண்டை. அதற்கு நான் மல்லித்தண்ணி அவித்திருக்கிறேன்.

"ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"சொன்னா என்ன செய்வீர்? இருந்து அழுவீர்."

வெள்ளி, 7

தைக்கவில்லை. சோறு அடிப்பிடித்தது.

மில்லிக்கு ஆறு பிஸ்கட், ஒரேயடியாக. ஏன் என்று அதற்கு விளங்கவில்லை. சாப்பிட்டது.

டூட்டிங்கில் இருக்கும் தங்கச்சிக்கு எழுதத் தொடங்கினேன். "அத்தான் என்னைக் கூப்பிடுறேல்லை" என்று அவளுக்கு எத்தனை தரம் எழுதியிருப்பேன். இப்போது என்னவென்று எழுதுவது? அழித்துவிட்டேன்.

மில்லி இன்று ஒரு தரமும் வரவில்லை. பிடிபட்டுவிட்டார், இனிக் கூப்பிட வெட்கம்.

சனி, 8

வெயில், கொஞ்சம். மூன்றாவது பிளவுஸ், கை மட்டும் மிச்சம்.

11 மணி. மில்லி தட்டவில்லை, கதவோரம் படுத்திருக்கிறது. கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியது நான். என் குரல் எனக்குக் கேளாமல் போன நாளிலிருந்து நான் அவரை ஒரு தரமாவது கூப்பிட்டேனா? இல்லை. ஏழு வருடம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

11.10. கூப்பிட்டேன். "இஞ்சாருங்கோ." எவ்வளவு சத்தமாக வந்தது, குரல் எப்படி இருந்தது, தெரியாது. மில்லி திடுக்கிட்டு என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்க்கிறது.

இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

காலுக்குக் கீழே பலகை அதிர்கிறது. படியேறி வருகிறார்.