இடுப்புக்கு ஒரு வேண்டுதல்

உமா,

போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால் படுத்தபடியே எழுதுகிறேன்.

தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு, கிளினிக்கில் சொன்ன பயிற்சியால் மெல்லச் சரியாகி வந்தது. அம்மாவோ, எனக்குக் குணமானால் காவடி எடுக்க வைப்பதாக முருகனிடம் வேண்டியிருந்தார். டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்றிருந்தார். "சாமி காரியம்டா, ஒண்ணும் ஆவாதுலா" என்றார் அம்மா. தைப்பூசத்தன்று தூக்கினேன். கோயில் வாசலிலேயே மறுபடி பிடித்துக்கொண்டது.

இப்போது குனிய முடியாததால் எனக்குக் காலில் சிலுவார் மாட்டிவிடுவதும் அம்மாதான். இன்று காலை மாட்டிவிட்டு, சாமி படத்தின் முன் கைகூப்பி நின்றார்.

"முருகா, இவன எழுப்பி விட்டுடு. அடுத்த வருசமும் காவடி எடுப்பான்."

அம்மா அடுப்படிக்குப் போனதும் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

ஜொகூரில் உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும். சும்மாதான் எழுதினேன்.

உன் வீட்டுக்காரன்