கண்ணுக்குக் கீழே பூசிய களிம்பு

25-6-1961, ஞாயிறு

இன்று பவானிக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நாற்பது வயதில் மாப்பிள்ளையாகப் போகிறவன், கண்ணுக்குக் கீழே விழுந்த சுருக்கங்களைப் போக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கா சொன்னாளென்று ஒரு வாரம் பாதாம் எண்ணெய் தடவினேன். பலனில்லை. வியாழக்கிழமை கடைவீதியில் ஒரு களிம்பு வாங்கி, யாருக்கும் தெரியாமல் பூசினேன். மறுநாள் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. பட்டறையில் கடைசல் வேலை செய்கிறவனுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? பயந்துபோய் நேற்று டாக்டரிடம் ஓடினேன்.

"பார்வைக்குப் பழுதில்லீங்க," என்றார் அவர். "அந்தக் களிம்பைத் தூக்கி வீசிப்போடுங்க. இது வயசானா வர்ற சுருக்கம். எந்த மருந்துக்கும் போகாதுங்க."

போன உயிர் திரும்பியது. ஆனால் வீக்கம் முழுதாக வடியவில்லை. அதோடுதான் இன்று போய் உட்கார்ந்தேன். பெண் பள்ளிக்கூட டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். காப்பியை நீட்டியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, கண்ணுக்கு என்னாச்சுங்க?"

"பூச்சி கடிச்சுப்போட்டுது அம்மணி," என்று அக்கா முந்திக்கொண்டாள். எனக்குப் பொய் வரவில்லை. நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நானும் மூணு நாளா வெள்ளரிக்காய் வெச்சுட்டுப் படுத்தேனுங்க. ஒண்ணும் போகலைங்க."

அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். ஆமாம், அவள் கண்ணுக்குக் கீழேயும் சுருக்கங்கள் இருந்தன. அழகாகவே இருந்தன.

ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்றார் அவள் அண்ணன். பஸ்ஸில் வரும்போது அக்கா என்னைத் திட்டித் தீர்த்தாள். ஒன்றும் உறைக்கவில்லை. அந்தச் சிரிப்பே காதில் இருந்தது.